அப்பாவின் கண் அழற்சி ஸ்டீராய்டுக்கு அடங்கி அடங்கித் திரும்புகிறது, லிம்போமாவாக இருக்குமா?

அந்திவெயில்

எல்லோருக்கும் வணக்கம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 72 வயது. ஒன்பது மாதம் முன்பு வலது கண்ணில் பூச்சி பறக்கிறது என்றார். படித்துக்கொண்டிருக்கும்போதே கையை வீசிக் கொசு விரட்டுவார், பார்த்தால் அங்கே கொசுவே இருக்காது. அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், போட்டுப் பார்ப்பார், மறுபடியும் துடைப்பார். கண்ணாடியில் எதுவும் இல்லை, கண்ணுக்குள்தான் இருக்கிறது என்று அவருக்கே புரிய ஒரு மாதம் ஆனது. வலி கிடையாது, சிவப்பு கிடையாது, வெளிச்சம் பட்டால் கூசவும் இல்லை. கண்புரை அறுவை இரண்டு கண்ணிலும் நான்கு வருடம் முன்பே முடிந்துவிட்டது.

முதலில் பார்த்த டாக்டர் யூவியைட்டிஸ், அதாவது கண்ணுக்குள் அழற்சி என்றார். சொட்டு மருந்தும் ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்தார். இரண்டு வாரத்தில் அப்பா பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மாத்திரையைக் குறைத்ததும் மங்கல் திரும்பியது. மறுபடி ஏற்றினார்கள், தெளிந்தது. குறைத்தார்கள், திரும்பியது. இப்படியே மூன்று முறை. இப்போது இடது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது, மாத்திரை கொடுத்தும் முன்பு மாதிரி தெளிவதில்லை. காசநோய், சிபிலிஸ், சார்காய்டு எல்லாவற்றுக்கும் சோதித்தாயிற்று, எதுவும் இல்லை. சாதாரண ரத்தப் பரிசோதனை எல்லாமே நன்றாக இருக்கிறது.

போன வாரம் வேறொரு விழித்திரை மருத்துவரிடம் போனோம். அவர் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் இருக்கிற விட்ரியஸ் என்ற கூழ் போன்ற திரவத்தை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், லிம்போமா, அதாவது ரத்த வெள்ளணுக்களில் வருகிற புற்று, இல்லை என்று உறுதிசெய்யாமல் இனி ஸ்டீராய்டு கொடுக்க மாட்டேன், தலைக்கு எம்ஆர்ஐ எடுங்கள் என்றார். அம்மா அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டார். ரத்தம் சுத்தமாக இருக்கும்போது கண்ணில் மட்டும் எப்படி ரத்தப் புற்று வரும்? இந்த வயதில் கண்ணுக்குள் கத்தி வைத்துத்தான் பார்க்க வேண்டுமா? இன்னும் கொஞ்சம் பலமான மருந்து கொடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஆழிமுத்து

தள்ளிப்போடாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

என் அம்மாவுக்கும் இதே கதைதான், ஒரு வரிகூட மாறாமல். 14 மாதம் யூவியைட்டிஸ் என்றே வைத்தியம் நடந்தது. எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமில்லை, சொல்லவும் மாட்டேன். ஸ்டீராய்டு போட்டால் தெளிவு வந்ததால் நோய் அதுதான் என்று நாங்களும் நம்பினோம், அவர்களும் நம்பினார்கள். ஒரு நாள் அம்மா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பெயர் ஞாபகம் வராமல் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அது... திறக்கிறது..." என்றார். அன்றைக்கு எடுத்த எம்ஆர்ஐயில் மூளையில் இரண்டு கட்டி. கண்ணில் இருந்ததும் அதே நோய் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

பயமுறுத்த எழுதவில்லை. உங்கள் டாக்டர் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார், எங்களிடம் அதை யாரும் கேட்கவில்லை.

---

நீள்விழி

விழித்திரை மருத்துவத்தில் இருக்கிறேன். பார்க்காத கண்ணுக்கு இங்கே உட்கார்ந்து நோய்ப் பெயர் சொல்ல முடியாது, ஆனால் உங்கள் டாக்டர் ஏன் அப்படி யோசித்தார் என்று விளக்க முடியும்.

60 வயது தாண்டிய ஒருவருக்கு வாழ்க்கையில் முதல் முறையாக யூவியைட்டிஸ் வருகிறது, இரண்டு கண்ணுக்கும் பரவுகிறது, வலி இல்லை, சிவப்பு இல்லை, ஸ்டீராய்டுக்குக் கொஞ்ச நாள் அடங்கி மறுபடி வருகிறது, ஒவ்வொரு முறையும் அடங்குவது குறைகிறது. இவை எல்லாம் சேர்ந்தால் விட்ரியோரெட்டினல் லிம்போமா, அதாவது விட்ரியஸிலும் விழித்திரையிலும் வருகிற லிம்போமா என்ற பெயரை மனதில் வைத்தே ஆக வேண்டும். யூவியைட்டிஸ் வேஷம் போட்டு வருகிற நோய் என்றுதான் எங்களுக்குப் பாடமே நடத்துவார்கள். மிக அரிது, அதனால்தான் பலருக்கும் மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் தாமதமாகிறது.

ஸ்டீராய்டுக்கு ஏன் தெளிகிறது என்றால், லிம்போமா செல்களையே ஸ்டீராய்டு கொஞ்சம் கொல்லும். கூட இருக்கிற உண்மையான அழற்சி செல்களையும் அடக்கும். அதனால் "மருந்து கேட்டது, ஆகவே அழற்சிதான்" என்ற முடிவு இந்த இடத்தில் தவறாகிவிடுகிறது. பலமான ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டீர்கள். அது நோயைக் குணப்படுத்தாது, அடையாளத்தை மட்டும் அழித்துவிடும்.

ரத்தம் சுத்தமாக இருக்கிறதே என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. பெரும்பாலும் இது பி-செல் என்ற வெள்ளணுவில் வருகிற, பெரிய பி-செல் வகை லிம்போமா. விழித்திரை, மூளை, விதைப்பை இந்த மூன்று இடங்களிலும் உடம்பின் நோயெதிர்ப்புக் காவல் வேறு மாதிரி, கொஞ்சம் தளர்வாக இருக்கும். இங்கே குடியேறுகிற லிம்போமாக்களுக்குள் ஒற்றுமை அதிகம் என்பதால் உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாட்டில் மூன்றையும் ஒரே குடும்பமாகச் சேர்த்துவிட்டார்கள். ரத்தத்திலோ எலும்பு மஜ்ஜையிலோ எதுவும் தெரியாமல் கண்ணில் மட்டும் இருக்கலாம். தலைக்கு எம்ஆர்ஐ கேட்பதும் அதனால்தான். கண்ணில் தொடங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முன்னரோ பின்னரோ மூளையிலும் வருகிறது. எனவே மருந்து ஏற்றிச் செய்கிற எம்ஆர்ஐயாகக் கேளுங்கள், ஏற்றாமல் எடுத்தால் சிறிய புள்ளிகள் தவறிவிடும். அப்பாவுக்கு விதைப்பை ஸ்கேனும் எழுதிக் கொடுத்தால் குழம்ப வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான்.

ஓசிடி, அதாவது விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் எடுக்கிற ஸ்கேன், அதன் ரிப்போர்ட் இருந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று போடுங்கள்.

---

அந்திவெயில்

டாக்டர், மிக்க நன்றி. விதைப்பை ஸ்கேன் உண்மையாகவே எழுதியிருந்தார், வேறு யாருடைய சீட்டோ மாறி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஓசிடி ரிப்போர்ட்டில்: விட்ரியஸில் அடர்த்தியான செல்கள், விழித்திரையின் நிறமி அடுக்குக்குக் கீழே மேடு மேடாகப் படிவுகள், மேக்குலாவில் (விழித்திரையின் நடுப்பகுதி) வீக்கம் இல்லை. படத்தில் ஒரு அடுக்குக்கு அடியில் சின்னச் சின்னக் குன்றுகள் மாதிரி தெரிகின்றன. வீக்கம் இல்லை என்பது நல்லதுதானே?

---

நீள்விழி

கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இங்கே அது சந்தேகத்தைக் கூட்டுகிற விஷயம். இவ்வளவு மாதம் இவ்வளவு செல்களோடு நடந்த உண்மையான யூவியைட்டிஸ் என்றால் மேக்குலாவில் நீர் கோத்திருக்க வாய்ப்பு அதிகம், கருவிழிப் படலம் லென்ஸோடு ஒட்டியிருக்கவும் கூடும். இரண்டும் இல்லை. நிறமி அடுக்குக்குக் கீழே படிவுகள் இருப்பது லிம்போமா செல்கள் போய்த் தங்குகிற இடம். வயதாவதால் வருகிற ட்ரூசன் என்ற படிவும் அங்கேதான் வரும், அதனால் படத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. விட்ரியஸ் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

---

சிறுநுனி

ஆய்வகத்தில் திசுக்களைப் பார்ப்பவன். நோயாளிகள் எங்களைச் சந்திப்பதே இல்லை, ஆனால் இந்த நோயில் பாதிச் சண்டை எங்கள் மேஜையில்தான் நடக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்களுக்கு வருவது ஒரு சின்ன சிரிஞ்சில் சுமார் ஒரு மில்லி விட்ரியஸ். அதில் இருப்பவற்றில் பெரும்பாலானவை லிம்போமா செல்களே இல்லை. அவற்றை எதிர்க்க வந்த சாதாரண டி-செல்கள், செத்துப்போன குப்பை, நார். அதற்கு நடுவில் பெரிய உட்கருவும் கொஞ்சமே சைட்டோபிளாசமும் உள்ள நாலு செல்லைத் தேடிப் பிடிக்க வேண்டும். இந்தச் செல்கள் மிகவும் நலிந்தவை. சிரிஞ்ச் வெளியே வந்து ஒரு மணி நேரம் கிடந்தாலே சிதைய ஆரம்பிக்கும். ஸ்டீராய்டு ஏற்கெனவே உள்ளே இருந்தால் இன்னும் மோசம், ஸ்லைடில் எலும்புக்கூடுகள் மாதிரி நிழல்கள் மட்டும்தான் தெரியும்.

அதனால் அறுவைக்கு முன்பே டாக்டரிடம் கேட்க வேண்டியது சில உண்டு. உப்புத் தண்ணீர் கலப்பதற்கு முன்பு எடுக்கிற சுத்தமான விட்ரியஸைத் தனியாக வைப்பார்களா? ஆய்வகத்துக்கு முன்கூட்டியே சொல்லி, எடுத்த கையோடு அனுப்புவார்களா? ஸ்லைடில் செல் பார்ப்பதோடு நிறுத்தாமல் ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை வகை பிரித்து எண்ணுகிற சோதனை), இன்டர்லூகின் அளவு, மரபணுப் பரிசோதனை மூன்றுக்கும் திரவம் ஒதுக்குவார்களா? செல்களைச் சுழற்றிப் பிரித்த பிறகு மேலே நிற்கிற தெளிந்த திரவத்தைக் கொட்டாமல் உறையவைக்கச் சொல்லுங்கள். இதை மட்டும் மறக்காதீர்கள்.

இன்டர்லூகின் ஏன் என்றால், லிம்போமா பி-செல்கள் இன்டர்லூகின்-10 என்ற பொருளைச் சுரக்கும், சாதாரண அழற்சியில் இன்டர்லூகின்-6தான் மேலோங்கும். 10-ஐ 6-ஆல் வகுத்தால் விடை 1-க்கு மேல் வந்தால் லிம்போமா பக்கம் சாய்கிறது. அது மட்டுமே நிரூபணம் ஆகாது. எம்.ஒய்.டி.88 என்ற மரபணுவில் ஒரு குறிப்பிட்ட எழுத்துப் பிழை உண்டு, பெரிய பி-செல் லிம்போமாக்களில் அது 2011-இல் வெளியானது, விழித்திரை லிம்போமாவில் பெரும்பான்மையோருக்கு அது இருக்கிறது. செல்லே சிதைந்து போனாலும் அதன் டிஎன்ஏ திரவத்தில் மிதக்கும். அதனால்தான் கொட்டாதீர்கள் என்கிறேன்.

---

பழுப்புக்கண்ணாடி

அந்திவெயில், எனக்கு இப்போது 68. நான்கு வருடம் முன்பு இதே அறுவை, இதே நோய். கத்தி வைப்பது என்று எழுதியிருந்தீர்களே, நானும் அப்படித்தான் நடுங்கினேன் கண்ணு.

கண்ணை மரக்கவைத்துச் செய்தார்கள், முழு மயக்கம் இல்லை. முகத்தில் துணி போர்த்தியதும் கொஞ்சம் மூச்சு முட்டுவது போல இருந்தது, சொன்னேன், தூக்கிப் பிடித்தார்கள். வெள்ளை விழியில் மூன்று சின்னத் துளை, அவ்வளவுதான். உள்ளே இருந்து வெளிச்சத்தில் நூல் நூலாக ஏதோ நகர்ந்து போவது எனக்கே தெரிந்தது. மறுநாள் கட்டு பிரித்தபோது சுவரிலிருந்த கடிகாரத்தில் நொடி முள் ஓடுவதைப் பார்த்தேன். அதுவரை கடிகாரம் இருப்பதே ஒரு வெள்ளை வட்டமாகத்தான் தெரிந்தது. மங்கலான திரவத்தை எடுத்துவிடுவதால் வருகிற தெளிவு அது, நோய் போனதாக அர்த்தம் இல்லை என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். நல்லவேளை சொன்னார், இல்லையென்றால் சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போயிருப்பேன்.

அப்பாவைத் தைரியமாகக் கூட்டிக்கொண்டு போங்கள்.

---

அந்திவெயில்

அம்மா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். கடிகாரம் வந்த இடத்தில் இன்னொரு தடவை படி என்றார்.

அறுவை மூன்று வாரத்தில். ஒரு சிக்கல். ஸ்டீராய்டு இருந்தால் செல் சிதையும் என்று சிறுநுனி எழுதியதைக் கேட்டுவிட்டு, அப்பா இன்று காலை 20 மில்லிகிராம் மாத்திரையை எடுத்து வைத்துவிட்டார். இனி தொடமாட்டேன் என்கிறார். சரிதானா?

---

நீள்விழி

இல்லை. இப்போதே கொடுங்கள், கொடுத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

ஒன்பது மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்டவரின் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழுகிற ஆபத்து உண்டு, 72 வயதில் அது கண்ணைவிடப் பெரிய அவசரம். படிப்படியாகக் குறைத்து, முடிந்தால் அறுவைக்கு முன்பு இரண்டு வாரமாவது ஸ்டீராய்டு இல்லாத இடைவெளி கிடைக்கிற மாதிரி டாக்டர்தான் கணக்குப் போடுவார். மூன்று வாரம் போதவில்லை என்றால் தேதியைத் தள்ளுவதில் தவறில்லை. இடையில் மங்கல் கூடும், அது எதிர்பார்த்ததுதான்.

---

அந்திவெயில்

கொடுத்துவிட்டேன். டாக்டரும் அதையேதான் சொன்னார், குறைப்பதற்கு அட்டவணை எழுதிக் கொடுத்தார், அறுவையை ஒன்றரை வாரம் தள்ளிவைத்தார்.

---

அந்திவெயில்

அறுவை முடிந்தது, வலது கண். அப்பா நன்றாக இருக்கிறார். ஆனால் ரிப்போர்ட் இன்று வந்தது: "சிதைந்த செல்களும் முதிர்ந்த லிம்போசைட்டுகளும் காணப்படுகின்றன. புற்றுச் செல்கள் உறுதியாகத் தென்படவில்லை." எம்ஆர்ஐயும் சுத்தம், விதைப்பை ஸ்கேனும் சுத்தம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும்தான் சந்தோஷப்படலாமா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

---

கார்முகில்

சகோதரி, எம்ஆர்ஐ சுத்தம், பயாப்சி சுத்தம், இன்னும் எதற்குத் தோண்ட வேண்டும்? பெரியவரை நிம்மதியாக விடுங்கள். இணையத்தில் படித்தால் எல்லா நோயும் புற்றாகத்தான் தெரியும்.

---

சிறுநுனி

கார்முகில், அக்கறையோடுதான் சொல்கிறீர்கள், ஆனால் அந்த ரிப்போர்ட்டை நான் வேறு மாதிரி படிக்கிறேன். "இல்லை" என்று எழுதவில்லை, "உறுதியாகத் தென்படவில்லை" என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் "சிதைந்த செல்கள்" என்று இருக்கிறது. சிதைந்தது எந்தச் செல் என்பதுதானே கேள்வி? இந்த நோயில் முதல் மாதிரியில் பிடிபடாமல் இரண்டாவதில், மூன்றாவதில் பிடிபடுவது நாங்கள் பார்க்கிற விஷயம்தான்.

அந்திவெயில், தெளிந்த திரவத்தை உறையவைத்தார்களா?

---

அந்திவெயில்

வைத்திருக்கிறார்கள். அறுவைக்கு முன்தினம் டாக்டரிடம் உங்கள் பதிவைக் காட்டினேன், எப்போதும் வைப்போம் என்றார். இன்டர்லூகினுக்கும் எம்.ஒய்.டி.88-க்கும் அதையே அனுப்பியிருக்கிறார்களாம். காத்திருக்கிறோம்.

---

அந்திவெயில்

இன்டர்லூகின்-10 அளவு 6-ஐவிடப் பத்து மடங்குக்கு மேல். எம்.ஒய்.டி.88 மாற்றம் இருக்கிறது. ஸ்லைடுகளை இன்னொரு நிபுணர் மறுபடி பார்த்துச் சந்தேகத்துக்குரிய பெரிய பி-செல்கள் சில இருப்பதாக எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து லிம்போமா என்று முடிவு செய்துவிட்டார்கள். முதுகில் நீர் எடுத்தார்கள், அதில் எதுவும் இல்லை. உடம்பு முழுக்க எடுத்த பெட் ஸ்கேனும் சுத்தம். ஆக இரண்டு கண்ணில் மட்டும்.

இப்போது கண் டாக்டர் ஒன்று சொல்கிறார், ரத்தப் புற்று டாக்டர் ஒன்று சொல்கிறார். கண்ணுக்குள் ஊசி மட்டும் போதும் என்பது ஒன்று, நரம்பு வழியாக அதிக அளவு மெத்தோட்ரெக்சேட் என்ற புற்று மருந்தும் வேண்டும் என்பது இன்னொன்று. நாங்கள் யார் பேச்சைக் கேட்பது?

---

நீள்விழி

இரண்டு பேருமே தவறாகச் சொல்லவில்லை, மருத்துவ உலகத்திலேயே இதில் ஒரு முடிவு இல்லை. என் பக்கத்தைச் சொல்கிறேன்.

கண்ணில் மட்டும் இருந்தால் கண்ணுக்குள் மெத்தோட்ரெக்சேட் ஊசி நன்றாக வேலை செய்கிறது. 0.1 மில்லியில் 400 மைக்ரோகிராம். பலரும் பின்பற்றுகிற திட்டத்தில் முதல் நான்கு வாரம் வாரத்துக்கு இரண்டு முறை, அடுத்த எட்டு வாரம் வாரம் ஒன்று, பிறகு ஒன்பது மாதம் மாதம் ஒன்று, மொத்தம் 25. ஜெருசலேமில் உள்ள மருத்துவர்கள் இந்த முறையில் கிடைத்த 10 வருட அனுபவத்தை 2008-இல் எழுதினார்கள், பெரும்பாலான கண்களில் ஏழெட்டு ஊசிக்குள்ளேயே செல்கள் மறைந்துவிட்டன. உடம்பின் மற்ற பாகங்களுக்குப் போகிற மருந்து மிகக் குறைவு. 72 வயதுக்காரருக்கு அது சின்ன விஷயம் இல்லை. மூளைக்கு எதுவும் போகாதபோது மூளைக்கான வைத்தியத்தின் பாரத்தை ஏற்ற வேண்டுமா, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எம்ஆர்ஐ எடுத்துக் காவல் காத்தால் போதாதா என்பது என் எண்ணம்.

---

மழைத்தூறல்

புற்றுநோய்ப் பிரிவில் வேலை செய்கிறேன், மெத்தோட்ரெக்சேட் ஏற்றுகிற வார்டில் பல வருடம். நீள்விழி டாக்டர் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் நாங்கள் பார்ப்பது வேறு பக்கம்.

கண்ணில் வந்த நோயால் யாரும் இறப்பதில்லை, மூளைக்குப் போனால்தான் உயிருக்கு ஆபத்து. கண்ணுக்குள் போடுகிற ஊசி மூளையைக் காப்பாற்றாது. எம்ஆர்ஐயில் தெரியாத அளவு செல்கள் ஏற்கெனவே அங்கே இருக்கலாம் என்பதால்தான் நரம்பு வழியாகவும் கொடுக்கலாம் என்று எங்கள் டாக்டர்கள் நினைக்கிறார்கள். அது மூளைக்குப் போகாமல் தடுக்கும் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிற மாதிரி நிரூபணம் இன்னும் கிடைக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

வயதைவிடச் சிறுநீரகம்தான் முக்கியம். 75 வயதில் நன்றாகத் தாங்கினவரைப் பார்த்திருக்கிறேன், 60-இல் தாங்காதவரையும் பார்த்திருக்கிறேன். கிரியாட்டினின் அளவை வைத்து, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்குப் போட்ட பிறகுதான் டோஸ் முடிவாகும். ஏற்றுவதற்கு முன்பே நிறைய சலைன், சிறுநீரைக் காரத்தன்மையில் வைக்க பைகார்பனேட், ஏற்றிய மறுநாள் தொடங்கி அதன் நச்சை முறிக்க லியூகோவோரின், ரத்தத்தில் மருந்து அளவு இறங்குகிறவரை தினமும் பரிசோதனை. ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் அளந்து எழுதுவோம். அப்பா சாப்பிடுகிற எல்லா மாத்திரையின் பட்டியலையும் கொடுங்கள், மூட்டுவலி மாத்திரை, அசிடிட்டி மாத்திரை உட்பட. இவை மெத்தோட்ரெக்சேட்டை உடம்பில் தங்கவைத்துவிடும். வீட்டில் யாருமே இதைச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அதை மருந்தாகவே நினைப்பதில்லை.

ஒன்றில் மட்டும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தடுப்பதற்காக என்று தலைமுழுக்கக் கதிர்வீச்சு கொடுக்கலாம் என யாராவது சொன்னால், 60 தாண்டியவருக்கு அதன் விலை என்ன என்று கேளுங்கள். ஞாபகம், நடை, சிறுநீர்க் கட்டுப்பாடு எல்லாம் பின்னால் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

---

ஆழிமுத்து

மழைத்தூறல் சொன்னதில் கடைசிப் பத்தியை வழிமொழிகிறேன். அம்மாவுக்கு அதுதான் நடந்தது. கட்டி கரைந்தது, அம்மா திரும்பி வரவில்லை.

---

பழுப்புக்கண்ணாடி

நான் கண் ஊசி மட்டும் போட்டுக்கொண்டவள். சிறுநீரகம் அவ்வளவு நன்றாக இல்லை, அதனால் எனக்குத் தேர்வு சுலபமாகிவிட்டது.

25 ஊசி என்று கேட்டதும் தலை சுற்றும். ஊசி வலிப்பதில்லை, ஒரு அழுத்தம், அவ்வளவுதான். எனக்குத் தொல்லை வேறிடத்திலிருந்து வந்தது. ஆறாவது ஊசி வாக்கில் கண்ணில் மணல் கொட்டினாற்போல உறுத்தல், தண்ணீராக ஊற்றியது, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. நோய் திரும்பிவிட்டதென்று இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் அழுதேன். அப்புறம் பார்த்தால் மருந்தே கருவிழியின் மேல்தோலை அரித்திருக்கிறது. பலருக்கும் வருகிற விஷயம்தானாம். ஊசிகளுக்கு இடைவெளி விட்டார்கள், ஃபோலிக் அமிலம் கொடுத்தார்கள், செயற்கைக் கண்ணீர் மணிக்கொரு தரம். ஊசி போட்டு முடித்ததும் துளை வழியாகக் கசிகிற மருந்து கண்ணின் மேல் தங்காமல் நன்றாகக் கழுவிவிடச் சொல்லுங்கள். பிறகு பி-செல்களைக் குறிவைக்கிற ரிட்டுக்ஸிமாப் என்ற ஊசிக்கு மாற்றினார்கள், அதில் இந்தத் தொல்லை இல்லை.

ஒரு வருடம் கழித்து இடது கண்ணில் திரும்ப வந்தது, மறுபடி ஊசி, மறுபடி அடங்கியது. எம்ஆர்ஐ இதுவரை சுத்தம். ஒவ்வொரு முறையும் அந்தக் குழாய்க்குள் படுக்கும்போது பயம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

---

அந்திவெயில்

இன்னொன்றும் கேட்க வேண்டும். அப்பாவிடம் இன்னும் புற்று என்ற சொல்லைச் சொல்லவில்லை. "கண்ணுக்குள் தொற்று மாதிரி ஒன்று" என்று அம்மா சொல்லிவைத்திருக்கிறார். ஊசி ஆரம்பிக்கும் முன் சொல்லலாமா?

---

பழுப்புக்கண்ணாடி

சொல்லிவிடுங்கள். 25 முறை கண்ணைத் திறந்து காட்டப்போகிறவர் அவர். தொற்று என்று நினைத்தால் பத்தாவது ஊசியில் "தெரிகிறதே, போதும்" என்பார், நீங்கள் என்ன காரணம் சொல்வீர்கள்? என் மகன் என்னிடம் மறைத்தான். அவன் முகம் எனக்குக் காட்டிக்கொடுத்தது, கண் மங்கலாக இருந்தபோதே.

---

மழைத்தூறல்

அக்கா சொன்னதுதான். சம்மதக் கையெழுத்தும் அவர்தான் போட வேண்டும். டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இருங்கள், "இதற்கு வைத்தியம் இருக்கிறது" என்ற வாக்கியம் அதே மூச்சில் வந்துவிட வேண்டும்.

---

அந்திவெயில்

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். கேட்டுக் கேட்டுத் தனிச்செய்தி அனுப்பியவர்களுக்கு நன்றி.

அப்பாவிடம் டாக்டர் சொன்னார். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பூச்சிக்குப் பெயர் இருக்கிறதா?" என்று கேட்டார். டாக்டர் ஒரு தாளில் லிம்போமா என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார், அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை, அம்மாதான் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

கண் டாக்டரும் ரத்தப் புற்று டாக்டரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசினார்கள், நாங்கள் கேட்டுக்கொண்டதால் நடந்தது. அப்பாவின் சிறுநீரகம் அதிக டோஸுக்கு எல்லைக்கோட்டில் இருக்கிறது. அதனால் இப்போதைக்கு இரண்டு கண்ணிலும் ஊசி, மூன்று மாதத்துக்கு ஒரு எம்ஆர்ஐ, ஏதாவது தெரிந்தால் அளவைக் குறைத்து நரம்பு வழி. லிம்போமாவுக்கான இப்ருடினிப் என்ற மாத்திரையையும் கையிருப்பாக மனதில் வைத்திருக்கிறோம், ஆனால் அப்பாவுக்கு இதயத்துடிப்பு ஒழுங்கில்லாத பிரச்சினை முன்பு ஒரு முறை வந்ததால் யோசித்துத்தான் என்றார்கள். எல்லாவற்றையும் அப்பா கேட்டுக்கொண்டிருந்தார், கடைசியில் அவரேதான் சரி என்றார்.

இதுவரை வலது கண்ணில் ஒன்பது, இடது கண்ணில் எட்டு ஊசி. வலது கண் விட்ரியஸில் செல்கள் இல்லை, நிறமி அடுக்குக்குக் கீழே இருந்த குன்றுகள் ஓசிடியில் தட்டையாகிவிட்டன. பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டாக்டர் காட்டினார். இடது கண்ணில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. உறுத்தல் ஏழாவது ஊசியில் ஆரம்பித்தது, பழுப்புக்கண்ணாடி அம்மா சொல்லியிருந்ததால் நாங்கள் பயப்படவில்லை, அப்பாவே "மருந்து அரிக்கிறது, கழுவிவிடச் சொல்" என்றார்.

ஊசி ஆரம்பித்த பிறகு முதல் எம்ஆர்ஐ வரும் செவ்வாய்க்கிழமை. இடது கண்ணுக்கு ரிட்டுக்ஸிமாப் மாற்றலாமா என்று டாக்டர் கேட்கிறார், மாற்றியவர்கள் யாராவது இருந்தால் அந்த மாற்றத்துக்கு நடுவில் எத்தனை நாள் இடைவெளி விட்டார்கள் என்று சொல்லுங்கள். ஊசி போட்ட அன்று ராத்திரி அப்பா எந்தப் பக்கம் படுப்பது என்று தினமும் கேட்கிறார், அதற்கும் பதில் தெரிந்தால் போடுங்கள்.

---

பழுப்புக்கண்ணாடி

எனக்கு ஒரு வாரம் விட்டார்கள், ஆனால் கருவிழி ஆறியதைப் பார்த்துவிட்டுத்தான். படுப்பதற்கு எனக்குக் கட்டுப்பாடு எதுவும் சொல்லவில்லை, கண்ணை அழுத்தாமல், தேய்க்காமல் இருந்தால் போதும் என்றார்கள். நான் மல்லாந்து படுத்தேன், அப்பாவுக்கு எது வசதியோ அப்படி. வலி கூடினாலோ, கண் சிவந்து பார்வை திடீரென்று இறங்கினாலோ ராத்திரி என்று பார்க்காமல் கூட்டிக்கொண்டு போங்கள், அது மட்டும் காத்திருக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இங்கேதான் இருப்பேன், ரிசல்ட் வந்ததும் எழுதுங்கள் கண்ணு.